'டவர் இல்லை': மதுரைச் சமவெளியில் கைப்பேசி அலைகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுகிறவரும், கீழமாசி வீதிக் கடையில் பருப்பு மூட்டைக்கு விலை விசாரிக்கிறவரும், மேலூர்ப் பக்கத்து வரப்பில் நின்றுகொண்டு மோட்டாருக்குக் கரண்ட் வந்துவிட்டதா என்று வீட்டாரைக் கேட்கிறவரும், பேச்சு அறுந்துபோன கணத்தில் ஒரே குரலாகச் சொல்வது 'டவர் இல்லை' என்னும் இரண்டு வார்த்தைகளைத்தான். கோபுரங்களால் பெயர் பெற்ற நகரத்தில், கோபுரத்தைக் குறிக்கும் இங்கிலீஷ் வார்த்தை கண்ணுக்குப் புலப்படாத ஓர் அலைக்குப் பெயராக வந்து அமைந்தது வேடிக்கையான விஷயமே. ஆனால், வைத்தியரிடம் போய் 'உடம்புக்கு முடியவில்லை' என்று மாத்திரம் சொல்லிவிட்டு மௌனமாக உட்கார்ந்திருப்பவனுக்கு அவர் எப்படி மருந்து எழுத முடியாதோ, அப்படியே இந்த இரண்டு வார்த்தைகளைக் கொண்டு எந்தக் கோளாறுக்கும் பரிகாரம் காண முடியாது. அலை வந்து சேராமை ஒன்று. அலை வந்தும் நெரிசலால் இடம் கிடையாமை மற்றொன்று. கோபுரமே மின்சாரமோ கேபிளோ இன்றிச் செயலற்றுப்போதல் மூன்றாவது. கையிலுள்ள கருவியோ சிம் கார்டோ பழுதுபடுதல் நான்காவது. கணக்கு வழக்கால் இணைப்புத் தடைப்படுதல் ஐந்தாவது. இந்த ஐந்து வியாதிகளையும் நாம் ஒரே பெயரிட்டு அழைத்து, ஐந்துக்கும் சேர்த்து ஒரே கம்பெனியின் மேல் பழியைப் போட்டுவிட்டு, சிம்மை மாற்றிக்கொண்டு, மறுபடியும் அதே வார்த்தைகளைச் சொல்லுகிறோம். ஆகையால் இவற்றைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிறுவனங்களின் பூர்வ கதை

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவில் ரைட்டர்ஸ் கட்டடத்தில் இருந்த முதலமைச்சர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசியதையே இந்நாட்டின் முதல் கைப்பேசி உரையாடலாகக் கொள்வது வழக்கம். அக்காலத்தில் நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாய் வரை கட்டணம் இருந்தது; நாம் கூப்பிட்டால் மட்டுமின்றி, பிறர் நம்மைக் கூப்பிட்டாலும் காசு நம்முடையதே என்ற விசித்திரமான தர்மம் 2003 வரை நீடித்தது. சர்க்கார் தேசத்தைச் சேவை வட்டாரங்களாக வகுத்து, வட்டாரந்தோறும் உரிமம் வழங்கியபோது, சென்னை தனியாகவும் மற்றத் தமிழ்நாடு தனியாகவும் இருந்து பிற்பாடு ஒன்றாயின. மதுரை அடங்கிய தமிழ்நாட்டு வட்டாரத்தில் பிபிஎல் மொபைலும், சிவசங்கரன் தொடங்கிய ஏர்செல்லும் முன்னே வந்தன. 2001-ல் நான்காவது உரிமம் பெற்ற ஏர்டெல்லும், 2002-ல் கைப்பேசிச் சேவையில் இறங்கிய பிஎஸ்என்எல்லும் பின்னே வந்தன. ஓர் எண்ணின் முதல் நான்கு இலக்கங்களே அதன் ஜாதகமாக விளங்கிய காலம் அது: 9842 என்றால் ஏர்செல், 9843 என்றால் பிபிஎல், 9443 என்றால் பிஎஸ்என்எல், 9894 என்றால் ஏர்டெல்.

இன்று அந்த ஜாதகம் செல்லாது. 2011 ஜனவரி 20 முதல் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளும் உரிமை தேசம் முழுவதும் வந்துவிட்டது. பிபிஎல்லின் தமிழ்நாட்டு இணைப்புகள் ஹட்ச் ஆகி, வோடபோன் ஆகி, 2018-ல் ஐடியாவுடன் கலந்து, 2020 முதல் 'வி' என்ற ஓரெழுத்துப் பெயரில் உலவுகின்றன. ஏர்செல்லின் முடிவோ இன்னும் சோகமானது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அதன் சேவை திடீரென்று தடுமாறி, அம்மாதக் கடைசியிலேயே நிறுவனம் திவால் மனுவும் போட்டபோது, ஊர்தோறும் அதன் அலுவலக வாசல்களில் கூடிய கூட்டத்தில் நின்றவர்களுக்குப் பேச்சு நின்றதைக் காட்டிலும், பாங்கிக் கணக்கும் காஸ் இணைப்பும் பிணைந்திருந்த எண் போய்விடுமோ என்ற பயமே பெரிதாக இருந்தது. வேறு கம்பெனிக்கு மாறுவதற்கான குறியீட்டைப் பெறுவதற்கே முதலில் அந்த எண்ணில் டவர் வேண்டும்; டவர் இல்லாதபடியால்தான் மாற வேண்டியிருந்தது. கைப்பேசி எண் என்பது நாம் வைத்திருப்பதாக நினைக்கும் பொருளே தவிர, வேறொருவரின் கோபுரத்தில் தொங்கிக்கொண்டிருப்பது என்ற உண்மையைத் தமிழ்நாடு அன்று பிரத்யட்சமாகக் கண்டது.

அந்தக் கோபுரமும் அநேகமாக அந்தக் கம்பெனிக்குச் சொந்தமானதன்று. ஏர்செல் தன் 17,500 கோபுரங்களை 2010-லேயே ஜிடிஎல் இன்ஃப்ரா என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. இண்டஸ் டவர்ஸ் போன்ற நிறுவனங்கள் கோபுரத்தை நிறுத்தி, இடத்தை வாடகைக்கு விடுகின்றன. ஒரே இரும்புக் கம்பத்தில் இரண்டு மூன்று கம்பெனிகளின் ஆன்டெனாக்கள் மாடி வீட்டுக் குடித்தனக்காரர்களைப் போல ஒன்றின் மேல் ஒன்றாக வசிக்கின்றன. 'எங்கள் தெருவில் கோபுரம் இருக்கிறது, ஆனால் டவர் இல்லை' என்று வியக்கிறவர்கள், அந்தக் கம்பத்தில் தங்கள் கம்பெனி குடியிருக்கிறதா என்பதை விசாரித்ததில்லை.

அலையின் இயல்பும் மண்ணின் இயல்பும்

கைப்பேசி அலைகள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் ஆகியவை நீண்ட அலைகள். 1800, 2100, 2300 நடுத்தரம். 5ஜிக்கு வந்த 3300 குறுகியது. 900 அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். 3300 அலையோ 9 சென்டிமீட்டர், ஒரு சாண் கூட இல்லை. நீண்ட அலை வெகுதூரம் செல்லும், பாறை விளிம்பில் சற்று வளைந்து மறுபுறம் இறங்கும், சுவருக்குள்ளும் ஓரளவு புகும்; குறுகிய அலை ஏராளமான தகவலைச் சுமக்கும், ஆனால் தடை ஒன்று எதிர்ப்பட்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும். எந்தக் கம்பெனி எந்த அலையை ஏலத்தில் எடுத்திருக்கிறது என்பதில்தான் வீட்டுக்குள் அதன் யோக்கியதை பாதி அடங்கியிருக்கிறது. 2022-ல் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு நடந்த ஏலத்தில் 700 அலையை வாங்கியது ஜியோ மாத்திரமே. அதே ஆண்டு அக்டோபர் முதல் தேதி 5ஜி தொடங்கிய பிறகு, வாசலில் மின்னல் வேகமும் அடுக்களையில் மந்தகதியும் அனுபவிக்கும் வீட்டுக்காரர்கள், தங்கள் கருவியின் குணம் மாறியதாக எண்ணிக் குழம்ப வேண்டியதில்லை. சுவர் மாறவில்லை, அலைதான் மாறியது.

மதுரையைச் சமவெளி என்கிறோமே தவிர, அது தட்டையான வெளி அல்ல. கிழக்கே யானைமலை படுத்திருக்கிறது, தெற்கே திருப்பரங்குன்றம், மேற்கே நாகமலை நெடுந்தூரம் ஊர்ந்து செல்கிறது, அதன் பக்கத்தில் சமணமலை, வடக்கே அழகர்மலை. பாறைக்குள் அலை புகுவதில்லை. வெயில் சாயும் நேரத்தில் மலையின் நிழல் ஒரு பக்கத்துக் கிராமத்தின் மேல் விழுவதைப் போல, கோபுரத்துக்கு எதிர்ப்புறத்தில் அலையின் நிழலும் விழுகிறது. வித்தியாசம் என்னவென்றால், சூரியன் இடம் மாறும், கோபுரம் மாறாது.

கீழக்குயில்குடியில் சமணமலை அடிவாரத்தில் என் அத்தை வீடு இருக்கிறது. நான் அங்கே போகும்போதெல்லாம் என் கைப்பேசி ஊமையாகிவிடும். அத்தையோ மொட்டை மாடிக்குச் செல்லும் படியில் மூன்றாவது படியில் நின்று, இடது கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, துபாயில் இருக்கும் மகனோடு அரைமணி நேரம் பேசுவார். இரண்டாம் படியில் பேச்சு விட்டு விட்டுக் கேட்கும்; நான்காம் படியில் அறுந்துவிடும். "மருமகனே, அந்தப் படியில நின்னாத்தான் லைன் நிக்குது. மேல போனா நல்லாக் கிடைக்கும்னு நெனப்பே, கிடைக்காது" என்றார். அவர் சொன்னது விஞ்ஞானத்துக்கு முற்றும் பொருந்தும். மலையிலும் சுவரிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒரு புள்ளியில் ஒன்றுக்கொன்று துணையாகச் சேரும். ஒரு சாண் தள்ளி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். டவர் கிடைக்காத இடத்தில் இரண்டடி நகர்ந்து பார் என்பது மூடநம்பிக்கை அன்று. முதல் சிகிச்சை அதுதான்.

நகரத்துக்குள் நிலைமை வேறு. மீனாட்சி கோயிலின் தெற்குக் கோபுரம் 170 அடி உயர்ந்து நிற்க, அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்ற விதி 1997 முதல் இருக்கிறது. தாழ்ந்த மாடிகளும், ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய வீடுகளும், ஆள் தோள் உரசும் சந்துகளும் உள்ள மாசி வீதிகளுக்கு நடுவே, அலை தெருவின் நீளத்துக்கு ஓடி, வீட்டின் முன்னறையில் தலைகாட்டி, பின்கட்டுக்குப் போவதற்குள் தேய்ந்துவிடுகிறது. ஓட்டு வீட்டில் அலை இறங்குவது எளிது. கம்பி பின்னிய கான்கிரீட் தளத்தில் கடினம். தகரக் கூரையில் மிகக் கடினம். பழைய ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்டவர்கள், அதற்குப் பிறகு டவர் குறைந்துவிட்டதென்று கம்பெனிக்காரரைக் குற்றம் சொல்வது உண்டு.

நெரிசலும் மின்தடையும்

நான்கு கோடு முழுதாகக் காட்டியும் ஒரு படம் கூட நகராத அனுபவம், சித்திரை மாதத்தில் வைகைக் கரையில் நின்ற எவருக்கும் உண்டு. கள்ளழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலையில், லட்சக்கணக்கான ஜனங்கள் ஒரே நேரத்தில் கையை உயர்த்திப் படம் பிடித்து, ஒரே நேரத்தில் உறவினருக்கு அனுப்ப முயல்கிறார்கள். கோடுகள் காட்டுவது அலையின் வலிமையை. இடம் இருக்கிறதா என்பதை அல்ல. பஸ் வந்து நிற்பது ஒன்று, அதில் காலூன்ற இடம் கிடைப்பது வேறொன்று. அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டன்றும் இதே கதைதான். அச்சமயங்களில் படம் அனுப்பும் ஆசையை ஒத்திவைத்து, சொல்ல வேண்டியதைக் குறுஞ்செய்தியாக அனுப்புவதே புத்திசாலித்தனம். கடுகளவு இடமே அதற்குப் போதும்.

மூன்றாவது வியாதிக்கு அறிகுறி, தெருவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருவது. கோபுரம் மின்வாரியக் கரண்டில் ஓடுகிறது. கரண்ட் போனால் பாட்டரி, பாட்டரி தீர்ந்தால் டீசல் ஜெனரேட்டர், அதுவும் இல்லையேல் மௌனம். 2012-ஐ ஒட்டிய மின்பற்றாக்குறைக் காலத்தில் இந்தச் சங்கிலியைத் தமிழ்நாடு நன்றாகவே அறிந்துகொண்டது. இன்றும் நாளேட்டில் 'இன்று மின்தடை' என்ற பத்தியில் நம் பகுதியின் பெயர் இருந்தால், பகல் போகப் போக டவர் குறைவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கரண்ட் இருந்தும் பேச்சு எடுபடாமல் போனால், தெருக்கோடியில் குழாய்க்கோ சாக்கடைக்கோ பள்ளம் தோண்டும் இயந்திரத்தின் வாயில் கண்ணாடி இழைக் கேபிள் அறுந்திருக்கக் கூடும். அப்போது கோபுரம் அலையை வீசிக்கொண்டே இருக்கும், ஆனால் அதற்குப் பின்னால் வழி இராது.

கருவியின் பிழைகள்

பிறரைக் குற்றம் சொல்லும் முன் தன் பையைச் சோதிப்பது நியாயம். சென்ற ஆண்டு என் கைப்பேசியில் பேச்சு அடிக்கடி அறுந்தபோது, நான் என் கம்பெனியை மூன்று மாதம் மனதாரத் திட்டிவிட்டு, டவுன் ஹால் ரோட்டில் ஒரு சிறு கடையில் போய் நின்றேன். கடைப்பையன் ஒன்றும் பேசாமல் என் சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டான். தன் சிம்மை என் போனில் போட்டான். இரண்டு நிமிஷம் கழித்து, "சார், உங்க போன்ல என் சிம்மு நல்லாப் பேசுது. என் போன்ல உங்க சிம்மு இழுக்குது. டவர் மேல பழி போடாதீங்க, கார்டு தேஞ்சுபோச்சு" என்றான். எட்டு வருஷத்துச் சிம் கார்டு. தாமிரத் தகட்டில் கீறல் விழுந்திருந்தது. தர்க்க சாஸ்திரத்தில் அந்வயம், வியதிரேகம் என்று சொல்லும் பரீட்சையை அவன் ஒரு குண்டூசியால் செய்து முடித்தான்.

அந்தப் பையனின் கிரமத்தையே விரித்துச் சொன்னால் வீட்டு வைத்தியம் முழுதும் வந்துவிடும். முதலில், பக்கத்து வீட்டில் அதே கம்பெனி வைத்திருப்பவருக்கு டவர் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் கோளாறு வெளியே, இருந்தால் நம்மிடம். பிறகு, ரீசார்ஜ் காலாவதியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். அடுத்து விமானப் பயன்முறையை அரை நிமிஷம் போட்டு எடுக்க வேண்டும். கருவி பழைய கோபுரத்தின் பற்றை விட்டுப் பக்கத்துக் கோபுரத்தைத் தேட அது உதவும். அதற்கும் மசியாவிட்டால் போனை அணைத்து எழுப்பி, சிம்மைத் துடைத்துப் போட்டு, நெட்வொர்க் தேர்வு 'தானியங்கி'யில் இருக்கிறதா என்று பார்த்து, இறுதியில் சிம்மை மாற்றிப்போட்டுச் சோதிக்க வேண்டும்.

கிராமத்து வயோதிகர்களிடம் அடிக்கடி காணும் பிழை ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. 2016 செப்டம்பரில் அது பிறந்ததே 4ஜியில்தான். பழைய பட்டன் போனில் அந்தச் சிம்மைப் போட்டால், கோபுரத்தின் அடியில் நின்றாலும் ஒலிக்காது. 4ஜி போனிலும் வோல்டிஇ எனப்படும் 4ஜி வழிப் பேச்சு இயங்க வேண்டும். அது அணைந்திருந்தால் பேச்சு தகராறு செய்யும்.

கோடுகளை நம்புவதைக் காட்டிலும் எண்ணை நம்புவது மேல். கோடு வரைவதற்குப் பொது விதி இல்லை. ஒவ்வொரு போன் தயாரிப்பாளரும் தம் இஷ்டப்படி வரைகிறார். போனின் அமைப்புகளில் சிம் நிலை என்ற பகுதியில் அலையின் வலிமையைக் காட்டும் டிபிஎம் எண் ஒன்று மைனஸ் குறியோடு இருக்கும். அதைக் கடன் கணக்காக எண்ணிக்கொள்ளலாம்: கடன் குறைய நிம்மதி. 4ஜியில் மைனஸ் 85 என்றால் சௌகரியம்; மைனஸ் 100 என்றால் சமாளிக்கலாம்; மைனஸ் 115-ஐத் தாண்டினால் பேச்சு திணறும், பாட்டரியும் சூடேறி வேகமாக இறங்கும். டவர் பலவீனமான இடத்தில் போன் தன் குரலை உயர்த்திக் கத்துவதே அந்தச் சூட்டுக்குக் காரணம். பழைய 2ஜி போன் அவ்வாறு கத்தும்போது இரண்டு வாட் வரை வெளிவிடும். கதிர்வீச்சுக்கு அஞ்சித் தெருவில் கோபுரம் கூடாதென்று மனுக் கொடுப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்: கோபுரங்களுக்கான கதிர்வீச்சு வரம்பு 2012 முதல் நம் நாட்டில் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு; மேலும், கோபுரம் தூரப்போகப் போக, காதோடு ஒட்டிய கருவியே உரக்கப் பேசுகிறது.

வீட்டுக்குள் அலை வராவிட்டாலும் பிராட்பேண்ட் வந்தால், வைஃபை வழியாகப் பேசும் வசதியைப் போனில் இயக்கிக்கொள்வதே சுலபமான பரிகாரம். 'சிக்னல் பூஸ்டர்' என்று சில இடங்களில் விற்கும் பெட்டியை வாங்கி மாட்டுவது பரிகாரமன்று. உரிமமின்றி அதை வைத்திருப்பது சட்டவிரோதம் என்பதோடு, நம் வீட்டு டவருக்காகத் தெருவின் டவரையே அது குலைக்கும். மொட்டை மாடியில் டவர் வைக்கிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று வரும் கடிதங்களோ முழு மோசடி. கோபுரம் வைக்கிறவர் வாடகை தருவாரேயன்றி வாங்கமாட்டார்.

மாறுதலும் முறையிடுதலும்

இத்தனையும் பார்த்த பின் குற்றம் கம்பெனியுடையதே என்று தெளிந்தால், மாறுவது கடினமில்லை. 'போர்ட்' என்ற வார்த்தையை இங்கிலீஷில் எழுதி, ஓர் இடம் விட்டுத் தன் எண்ணையும் சேர்த்து 1900-க்கு அனுப்பினால், எட்டு எழுத்துக் குறியீடு வரும். அதைப் புதிய கம்பெனியிடம் கொடுத்தால், ஒரே வட்டாரத்துக்குள் மூன்று வேலை நாட்களில் மாற்றம் முடியும். பழைய கம்பெனியில் தொண்ணூறு நாட்களாவது இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை உயர்த்தியபோது பலர் பிஎஸ்என்எல்லுக்கு ஓடியதும், அங்கே 4ஜி அப்போது பரவலாக வந்திராததால் சிலர் திரும்பியதும் நாம் கண்டவை. உள்நாட்டுத் தொழில்நுட்பத்தால் அமைந்த அதன் 4ஜி, 2025 செப்டம்பரில்தான் தேச அளவில் தொடங்கிவைக்கப்பட்டது. விலையை மட்டும் பார்த்து மாறுகிறவர், தெருவைப் பார்க்கத் தவறிவிடுகிறார்.

மாற விரும்பாதவர் 198-ல் புகாரைப் பதிந்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். திருப்தி இல்லையென்றால் முப்பது நாட்களுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம். அவர் முப்பத்தொன்பது நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அறுந்த அழைப்பு ஒன்றுக்கு ஒரு ரூபாய் நஷ்ட ஈடு என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015-ல் போட்ட உத்தரவைச் சுப்ரீம் கோர்ட்டு 2016 மே மாதம் ரத்து செய்துவிட்டது. ஆனால் அதே கோர்ட்டு 2022 பிப்ரவரியில், தொலைபேசி வாடிக்கையாளர் நுகர்வோர் ஆணையத்தை நாடத் தடை இல்லை என்று தீர்ப்பளித்திருக்கிறது. 2024 அக்டோபர் முதல் அமலுக்கு வந்த டிராயின் தர விதிகளின்படி, எந்த இடத்தில் எந்தத் தலைமுறைச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை ஒவ்வொரு கம்பெனியும் தன் தளத்தில் வெளியிட வேண்டும். சிம் வாங்கும் முன் அந்தப் படத்தைப் பார்ப்பது நல்லது. ஆனால் அந்தப் படத்தில் அத்தை வீட்டு மூன்றாம் படி இராது.

ஆகவே, மதுரையில் எந்தக் கம்பெனி சிறந்தது என்ற கேள்விக்கு விடை கிடையாது. அந்தக் கேள்வியே பிழை. இந்தச் சமவெளியில் ஒரு வீட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீரும், மதிலுக்கு அப்பால் அடுத்த வீட்டில் உப்புத் தண்ணீரும் ஊறுவதை நாம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருகிறோம். அதற்காக யாரும் வைகையைக் கோபித்துக்கொண்டதில்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, பிறகு நைசாகப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் "தண்ணி எப்படிங்க, உப்பா?" என்று விசாரித்துவிட்டு வருவது நம் ஊர் வழக்கம். அதே அம்மாளிடம், அதே வாசலில் நின்று, "டவர் எப்படிங்க, எந்தச் சிம்மு எடுக்குது?" என்ற இரண்டாவது கேள்வியையும் கேட்டுவிட்டு முன்பணம் கொடுத்தால், இக்கட்டுரையில் சொன்னவற்றுள் பாதியை மறந்துவிடலாம்.